வாப்பாட வலி

கல்முனைக்குடி
வியாழக்கிழமை, அசர் தொழுத புறகு

என்ட மகன் இன்ஸாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால இஞ்ச நாங்க எல்லாரும் நல்லா இரிக்கிறம், நல்லா எண்டா நடக்க ஏலுமான ஆக்கள் நடக்கிறம், தின்ன ஏலுமான ஆக்கள் தின்னுறம். நீங்களும் அந்தக் கொரியாக் குளிருக்குள்ள சளி இருமல் இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தொழுது கொண்டு இருப்பிங்க எண்டு நினைக்கிறன். கையில போன வெச்சிக்கிட்டு என்னத்துக்கு உம்மா கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பிங்க. போன்ல கதைக்கிறதெல்லாம் வாப்பா கேக்கிறார். இந்த வீட்டுல அவர்ட கதிரைக்குக் கேக்காத இடம் கக்கூசு ஒண்டுதான், அதுக்குள்ள நிண்டு கொரியாவுக்குக் கதைக்க எனக்கு விருப்பமில்ல. வட்சப்புல எழுதுறதெண்டா தங்கச்சி நுஸ்ஹாட போன்லதான் எழுதோணும், இது அவட கலியாணக் கதை. அதுதான் லீவு முடிஞ்சு சனிக்கிழமை திரும்பி வாற உங்கட கூட்டாளி ஜவாத்திட கையில குடுத்து விடுறன்.

வாப்பாக்குப் பாரிசவாதம் வந்து ஏழு மாசமாகுது. நீங்க வந்து நிண்ட பத்து நாளும் கண்டதுதான், வலக்கையும் வலக்காலும் போச்சு, கதையும் போச்சு. மூளையில கதைக்கிற இடத்துக்கு இரத்தம் போகல்லையாம், விளங்கிற இடம் அவ்வளவா பழுதில்லையாம். நாப்பது வருஷம் பசார்ல புடவைக்கடை வெச்சு, மேசைத்துண்டு வாங்க வந்த பொம்புளைக்குக் கலியாணச் சாறி கட்டிக் குடுத்தனுப்பின மனிசனுக்கு இப்ப மிச்சம் ஒரே ஒரு சொல்லுதான். ஓம். தேத்தண்ணி வேணுமா எண்டா ஓம். வேணாமா எண்டா அதுக்கும் ஓம். கலியாணம் முடிச்ச முப்பத்தெட்டு வருஷத்துல நான் சொன்ன ஒண்டுக்கும் ஓம் சொல்லாத மனிசன் இப்ப நான் வாயத் திறக்க முந்தி ஓம் எண்டுறார். ஆரம்பத்துல எனக்கு இது நல்லதாத்தான் பட்டிச்சு. மறுகாதான் பக்கத்து வளவு ஆக்கள் வந்து வேலிய ஒரு அடி இஞ்சால தள்ளிப் போடவா காக்கா எண்டு கேட்டாங்க, ஓம் எண்டார், அடுத்த நாள் விடிய வேலி வந்து எங்கட முருங்கை மரத்தோட ஒட்டிக்கொண்டு நிண்டிச்சு. நான் போய் நாலு கதை சொல்லித்தான் அது பழைய இடத்துக்குப் போனது. பாக்க வாற ஆக்கள் வேற. வாறவங்க எல்லாம் அவர்ட காதுக்குள்ள வாய வெச்சுக் கத்துறாங்க, மறுகா என்னைப் பாத்து, ஆளுக்கு விளங்குதா எண்டு மெல்லக் கேக்கிறாங்க. அந்த மெல்லக் கேக்கிறதுதான் அவருக்கு நல்லாக் கேக்கிறது. நீங்களும் அந்தப் பத்து நாளும் கத்தினதுதான் மகன், அத அப்பயே சொல்லாம விட்டது என்ட பிழை.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குல கதைக்கப் பழக்கிற பிள்ளை ஒண்டு இரிக்கா, சிவரூபினி எண்டு பேர், பாண்டிருப்புப் பிள்ளை. வாப்பாவப் பழக்கப் போனா அவ எனக்குத்தான் கூடப் பாடம் நடத்தினா. ஒரு நேரத்துல ஒரு கேள்விதான் கேக்கோணுமாம். கேட்டுட்டு வாயப் பொத்திக்கொண்டு மனசுக்குள்ள பத்து எண்ணோணுமாம். அவர் தேடுற சொல்ல நாம பிடுங்கிக் குடுக்கப்படாதாம். நான் அவ்வளவு நேரம் வாய மூடிக்கொண்டு இருந்தது கலியாணப் பொண்ணா இருந்த அண்டு மட்டும்தான், எண்டாலும் பழகிட்டன். கேட்டத மாத்தியும் கேக்கோணும், வேணுமா எண்டு ஒருக்கா, வேணாமா எண்டு ஒருக்கா. அவருக்கு முன்னால அவரப் பத்தி மத்த ஆக்களோட கதைக்கவே படாது, அவர் என்ன அலமாரியா எண்டு கேட்டா அந்தப் பிள்ளை. இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஒண்டக் கண்டுபிடிச்சன், வாப்பாக்கு ஓம் ரெண்டு இரிக்கு. என்ட முகத்தப் பாத்துச் சொன்னா அது ஓம். சுவரப் பாத்துச் சொன்னா அது இல்லை. தலையாட்டுறது கூட அவருக்கு மாறிப் போகுது, கண் மட்டும் மாறல்ல. இதக் கண்டுபிடிச்ச அண்டு நான் குசினிக்குள்ள போய் நல்லா அழுதன். அதுக்கு முந்தின நாலு மாசமும் சுவரப் பாத்து ஓம் சொன்ன மனிசனுக்கு எத்தனை தரம் வம்புக்குச் சோறு ஊட்டியிருப்பன்.

இப்ப விஷயத்துக்கு வாறன். தங்கச்சிக்கு முதல் வந்த சம்மந்தம் சியாம் எண்டு ஒரு மாப்பிள்ளை, உங்கட ஸைனுலாப்தீன் மாமா கொண்டு வந்தது, மாமிட வழியில சொந்தம். மாமா என்ட கூடப்பிறந்த காக்கா எண்டதால சொல்லல்ல, நல்ல மனிசன், ஆனா அவர் கொண்டு வந்தத ஆரும் வேணாம் எண்டா அவருக்குக் காய்ச்சல் வரும். வந்த ஆக்கள் வாப்பாவக் கேட்டாங்க, வாப்பா சுவரப் பாத்து ஓம் எண்டார். மாமா அல்ஹம்துலில்லாஹ், மச்சான் ஓம் எண்டுட்டார் எண்டு தொதல் இனிப்புப் பெட்டியத் திறந்துட்டார். நான் பெட்டிய மூடி வெச்சிட்டு, இது மத்த ஓம் எண்டு சொன்னன். வந்தவங்க எனக்குத்தான் மூளையில வருத்தம் எண்டு நினைச்சிருப்பாங்க. நுஸ்ஹாக்கும் அதுல விருப்பமில்ல, உள்ளுக்கு அவ மூச்சு விட்ட சத்தம் எனக்கு வெளிய கேட்டது. புறகுதான் அஸ்கி எண்ட மாப்பிள்ளைட வீட்டாக்கள் வந்தாங்க, சாய்ந்தமருது, கமநலத் திணைக்களத்துல வேலை. அந்தப் பிள்ளை வாப்பாக்கு முன்னால வந்து குந்தி, சலாம் சொல்லிட்டு, கத்தாமச் சும்மா இருந்திச்சு. அதுலயே எனக்குப் பிடிச்சுப் போச்சு. வாப்பாவக் கேட்டன், என்னைப் பாத்து ஓம் எண்டார். வேணாமா எண்டும் கேட்டன், சுவரப் பாத்து ஓம் எண்டார். நுஸ்ஹாவக் கேட்டன், அவ ஒரு சொல்லும் சொல்லாம வெக்கப்பட்டா, அதுக்கு எனக்குச் சிவரூபினி தேவைப்படல்ல.

மாமாக்கு இது பொறுக்கல்ல. பொண்ணுட வாப்பா வலியா நிண்டு வாயால சொல்லிக் குடுத்தாத்தான் நிக்காஹ், கதையில்லாத மனிசன் வலியா நிக்க ஏலாது, அவருக்கு அடுத்த வலி இன்ஸாப், அவனுக்கு லீவு இல்ல, அதனால அவன் எனக்கு வக்காலத்து எழுதி அனுப்பட்டும், அவனுக்குப் பதிலா நான் குடுக்கிறன் எண்டுட்டார். இதக் கேட்டு நுஸ்ஹா கிளினிக்குல வெச்சு வாப்பாட வலி போகப்போகுது எண்டு விம்மி விம்மி அழுதா. சிவரூபினி பதறிப்போய், ஏன் தங்கச்சி அழுறிங்க, வலி போறது நல்லந்தானே, எங்க வலி, தோள்லயா எண்டு கேட்டு வாப்பாட தோளப் பிடிச்சுப் பாத்து, டொக்டரிட்டச் சொல்லி ஒரு பூச்சு மருந்தும் எடுத்துத் தந்திச்சு. நாங்க வலி எண்டு சொல்றது பொண்ணுக்குப் பொறுப்பா நிக்கிற ஆள எண்டு விளங்கப்படுத்த எனக்குக் கால் மணித்தியாலம் போச்சு. வாப்பா எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்துச் சிரிச்சார். வருத்தம் வந்த புறகு அவர் சத்தமாச் சிரிச்சது அண்டைக்குத்தான். மருந்தப் பூசிக்கொண்டுதான் இரிக்கிறம், தோளுக்கு நல்லம்.

நான் சும்மா இருக்கல்ல, பள்ளி மௌலவிட்டப் போய்க் கேட்டன். அவர் கிதாபப் பாத்து, வாய் பேச ஏலாதவர்ட சைகை விளங்கிற சைகை எண்டா அது செல்லும், அவரே வலி, ஆனா உங்களுக்கு விளங்கினாப் போதாது ராத்தா, எனக்கும் விளங்கோணும் எண்டார். போன செவ்வாக்கிழமை வீட்டுக்கு வந்தார், மாமாவும் வந்து குந்தினார். மௌலவி முதல்ல வாப்பாவ சூறா ஓதச் சொன்னார். வாப்பா அல்ஹம்து சூறாவ ஒரு எழுத்துப் பிசகாம முழுசா ஓதி முடிச்சார். மௌலவிட முகம் மலர்ந்துட்டு, இவர் நல்லாக் கதைக்கிறாரே எண்டார். இல்ல ஹஸரத், அது சின்ன வயசுல இருந்து நாக்குல கிடக்கிறது, தானா ஓடுது, அதே நாக்கால ஒரு மிடறு தண்ணி கேக்க ஏலாது எண்டு சொன்னன். மறுகா அவர் கேட்டார், மகள அஸ்கிக்குக் குடுக்கிறிங்களா எண்டு. ஓம். சியாமுக்குக் குடுக்கிறிங்களா எண்டு. வாப்பா சுவரப் பாத்து ஓம் எண்டார். மாமா துள்ளி எழும்பி, பாத்திங்களா ஹஸரத், ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை எண்டார். நான் சுவர்ட கதையச் சொன்னன். மௌலவி திரும்பிச் சுவரப் பாத்தார், அதுல ஒரு பல்லி இருந்திச்சு. இத வெச்சு நான் காவின் பதிவு எழுத ஏலாது ராத்தா எண்டு மெல்லச் சொன்னார்.

அப்பதான் வாப்பா இடக்கைய நீட்டி மௌலவிட தோள்ல கிடந்த வெள்ளைச் சால்வைய இழுத்து எடுத்தார். மௌலவி மரியாதைக்கு விட்டுட்டார். வாப்பா அத மடியில போட்டு, நாடியால அமத்திக்கொண்டு, ஒத்தக் கையால நாலா மடிச்சு மேசையில வெச்சு என்னைப் பாத்தார். சியாமா எண்டு கேட்டன். மடிச்ச சால்வைய இன்னும் ஒரு சாண் தள்ளி வெச்சார். அஸ்கியா எண்டு கேட்டன். சால்வைய எடுத்து உதறினார், விளிம்பப் பல்லால கடிச்சார், இடக்கையால ஒரே இழுவை, சர்ரெண்டு நடுவால கிழிஞ்சு போச்சு. கல்முனைப் பசார்ல பொழங்கின ஆருக்கும் இது தெரியும் மகன், கடைக்காரன் துணிய மடிச்சா யாவாரம் இல்லை, கிழிச்சா முடிஞ்சுது, கிழிச்சதத் திருப்பி எடுக்கிறல்ல. மௌலவி தன்ட சால்வைட ரெண்டு துண்டையும் ரெண்டு கையிலயும் வெச்சுப் பாத்தார். மறுகா, விளங்குது எண்டார். மாமா தேத்தண்ணியும் குடிக்காமப் போய்ட்டார்.

ஆனா மௌலவி போகக்குள்ள வாசல்ல நிண்டு ஒண்டு சொன்னார், இவர் வலியா நிக்கலாம், நான் எழுதுவன், எண்டாலும் மகன்ட வக்காலத்தும் வந்து சேந்தா பள்ளிக்குள்ள ரெண்டு வலி, அத வீட்டுலயே முடிச்சிட்டு வாங்க எண்டு. நிக்காஹ் அடுத்த மாசம் பதினெட்டாந் திகதி. நீங்க ஒப்பம் வெச்சு அனுப்பப் போறிங்க எண்டு மாமா ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். அத அனுப்பாதீங்க மகன். வாப்பாட கை போச்சு, கால் போச்சு, கதை போச்சு, அதெல்லாம் அல்லாஹ் எடுத்தது. இத மட்டும் நாம எடுக்கிற வேணாம்.

இன்னொண்டு எழுதுறதா விடுறதா எண்டு மூணு நாள் யோசிச்சன். மூணு கிழமைக்கு முந்தி மாமா உங்களுக்குக் கோல் எடுத்தது எங்கட ஹோல்ல இருந்துதான். மாமாக்குக் காது மந்தம், அதனால போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். வாப்பா அஞ்சடி தூரத்துல. நீங்க சொன்னிங்க, வாப்பாக்குத்தான் இப்ப ஒண்டும் விளங்காதே மாமா, நீங்களே பாத்துச் செய்யுங்க எண்டு. வேலைக்கு ஓடுற அவசரத்துல சொன்னது, கெட்ட மனசோட சொல்லல்ல, எனக்குத் தெரியும். வாப்பா சுவரையும் பாக்கல்ல, என்னையும் பாக்கல்ல, சாரன்ட நுனியப் பிடிச்சுக்கொண்டு அதையே பாத்துக்கொண்டு இருந்தார். மாமாட போனப் பிடுங்கி எறியத்தான் நினைச்சன், எறியாம விட்டது இண்டைக்கும் கவலைதான்.

அதனால நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கு இல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை கோல் எடுத்தா என்னைக் கேக்காதீங்க. வாப்பாவக் கேளுங்க. கத்தாம ஒரே ஒரு கேள்வி, நுஸ்ஹாக்கு வலியா நீங்கதானே வாப்பா நிக்கோணும் எண்டு. கேட்டுட்டு அப்படியே இருங்க. பத்து எண்ணுங்க, வரல்லையா, இன்னும் பத்து எண்ணுங்க. நெட் போனாத் திருப்பி எடுங்க. மாப்புக் கேக்கிறதெண்டா சுருக்கமாக் கேளுங்க, நீளமாக் கேட்டா அவருக்குத் தொடர ஏலாது, நீளமான மாப்பு உங்கட மனசாறத்தான் உதவும்.

உங்களுக்கு ஒண்டு தெரியாது. வெள்ளிக்கிழமை உங்கட கோல் நாலு மணிக்கு எண்டா மூணு மணிக்கே வாப்பா நீங்க வாங்கிக் குடுத்த அந்த நீலச் சேட்ட எடுத்துத் தரச் சொல்லி அலமாரியக் காட்டுவார். பொத்தான் பூட்ட என்னை விடுறல்ல. ஆறு பொத்தான், ஒத்தக் கை, அரை மணித்தியாலம் போகும். மறுகா தலையத் தடவிக்கொண்டு போனுக்கு முன்னால வந்து குந்துவார். நீங்க எடுத்து, உம்மா எப்படி எண்டு கேட்டு, வாப்பா எப்படி எண்டும் என்னிட்டயே கேட்டு வெச்சிருவிங்க. மாமாட கோலுக்குப் புறகு மூணு வெள்ளிக்கிழமை வந்து போச்சு மகன். மூணுக்கும் அவர் அந்தச் சேட்டப் போட்டார்.

மெஷின்ல வேலை செய்யக்குள்ள கை கவனம். கடிதம் கிடைச்ச எண்டு போன்ல சொல்லாதீங்க, இதோட ஒரு போத்தல் இறால் சம்பல் வருது, சம்பல் கிடைச்ச எண்டு சொல்லுங்க, எனக்கு விளங்கும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தையும் உடம்புக்குச் சுகத்தையும் உழைப்புல பரக்கத்தையும் தரட்டும். நான் கேக்கிற துஆ எல்லாத்துக்கும் வாப்பா பக்கத்துல இருந்து ஆமீன் சொல்றார், அது அவருக்கு நல்லா வருது. வஸ்ஸலாம்.

உங்கட உம்மா
றுகையா