முழங்கால் யாருடையது?

ஸ்டோன்கிளஃப், லங்காஷயர்
4 நவம்பர்

அன்புள்ள ஜூடித்,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, படி.

உன் அம்மா வின்னிக்கு மறதி கூடிவிட்டது. காலில் புண்ணும் ஆறவில்லை, முழங்கால்வரை கட்டு. கட்டு மாற்ற ஆஸ்பத்திரி நர்ஸ் பெர்னடெட் வருகிறாள், அது இலவசம். குளிப்பாட்ட உங்கள் நகர கவுன்சில் பராமரிப்புப் பணியாள் டான்யாவை அனுப்புகிறது, அதற்குக் கட்டணம். டான்யா கட்டைத் தொடக் கூடாது, பெர்னடெட் குளிப்பாட்டக் கூடாது. நேற்று இருவரும் ஒன்றாக வந்துவிட்டார்கள்.

"முழங்கால் யாரோடது?" என்றாள் டான்யா.

"தெரியலையே. மேல கேட்டுச் சொல்றேன்" என்றாள் பெர்னடெட்.

வெந்நீர் ஆறிப்போனது. வின்னி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நானே கழுவினேன்.

சமூகப் பராமரிப்புக் குழுவுக்கு நீதானே தலைவர்? பதில் எழுது.

அப்பா

12 நவம்பர்

அன்புள்ள அப்பா,

மருத்துவத்துக்கு ஒரு பணப்பெட்டி, பராமரிப்புக்கு வேறொன்று. சட்டம் அப்படி. இரண்டையும் சேர்க்க நானும் மூன்று வருடமாகக் கெஞ்சுகிறேன்.

நீங்கள் கழுவியபோது கட்டு நனைந்து, புண்ணில் சீழ் வைத்துவிட்டதாமே. வீட்டில் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பில்லை, முதியோர் ஹோமில் சேர்க்கலாம் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். நல்ல இடம்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கோபப்படாமல் யோசியுங்கள்.

அன்புடன்,
ஜூடித்

15 நவம்பர்

ஜூடித்,

யோசித்தேன். அனுப்பமாட்டேன்.

பதினாலு வயதில் பள்ளியை விட்டவன்தான் நான். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து உங்கள் சட்டத்தை முழுவதும் படித்துவிட்டேன். இரண்டு துறையும் சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று எந்த வரியிலும் இல்லை. நான் வேலை பார்த்த பஸ் டிப்போவில் பிரேக்குக்கு ஒருவன், எஞ்சினுக்கு ஒருவன் இருந்தோம். அதற்காகப் பாதி பஸ்ஸை ரோட்டுக்கு அனுப்பவில்லை.

நீங்கள் இரண்டு பேரை அனுப்பியும் கழுவ ஆளில்லாமல் நான் கழுவினேன். இப்போது குற்றம் என்மேலா?

ஊரில் யார் வேண்டுமானாலும் கவுன்சில் கூட்டத்தில் கேள்வி கேட்கலாமாம். என் கேள்வியை அனுப்பிவிட்டேன். டான்யா கேட்டதுதான்: முழங்கால் யாருடையது?

கிளிஃபர்ட் ஹாஸ்லம்

20 நவம்பர்

அப்பா,

உங்கள் கேள்வி என் மேஜைக்கு வந்தது. அலுவலகமே சிரிக்கிறது. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். சொந்த அப்பாவுக்கே பதில் சொல்ல முடியாதவள் என்று எழுதுவார்கள். தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அம்மா விஷயத்தை நான் தனியாகப் பேசிச் சரிசெய்கிறேன்.

ஜூடித்

23 நவம்பர்

அன்புள்ள ஜூடித்,

தனியாக வேண்டாம். மகள் தலைவராக இல்லாத வீடுகளிலும் முழங்கால் இருக்கிறது.

வியாழக்கிழமை கவுன்சில் கூட்டத்துக்கு வருகிறேன். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன். "தலைவர் அவர்களே" என்பேன். பெர்னடெட்டும் டான்யாவும் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். லீவு நாளில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாதாம். டான்யா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

"டவுன் ஹாலுக்குப் போலாமா?" என்று வின்னியைக் கேட்டேன். அங்கே நாங்கள் ஆடிய பழைய ஞாபகத்தில் "டான்ஸா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி, நீல கவுனை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் வைக்கச் சொல்.

ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி உன் மேஜைமேல் வைப்பேன். அது ஆறுவதற்குள் பதில் சொல்.

உன் அப்பா