கன்னத்தோரம் காற்று

இன்று காலை புது மாஸ்க் பெட்டியைப் பிரித்தேன். அந்த ரப்பர் வாசனை குப்பென்று வந்ததும் உன் மூக்கு ஞாபகம் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் மூக்கை நான் கிண்டல் செய்யாத நாள் எது?

நீ ஐ.சி.யூ நர்ஸ். நான் அதே வார்டில் தரை துடைக்கிற ஆயா. இரண்டு பேருக்கும் ஊர் கோலார் தங்கவயல், பிழைப்பு பெங்களூரு. கொரோனா வந்து நம்மை ஒரு கண்ணாடிக் கதவில் நிறுத்தியது: நீ உள்ளே, நான் வெளியே. மூச்சுத் திணறுகிறவருக்குத் தொண்டையில் குழாய் போடும்போதுதான் ஆபத்து அதிகம், அவர் இருமினால் எல்லாம் நம் முகத்தில்தான் என்று நீதான் சொன்னாய். அதனால் உள்ளே போகிறவர் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு ஊத வேண்டும். நான் கன்னத்தோரம் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். காற்று பட்டால் கதவு திறக்காது. அந்த வேலையை எனக்குக் கொடுத்தவளே நீதான்.

என் வாய் சும்மா இருக்குமா?

"இது மூக்கா, நம்ம தங்கவயல் மண்மேடா? மாஸ்க்கு உக்காரவே மாட்டேங்குதே!"

"பேடா அக்கா, வேணாம், சிரிக்க வெக்காத. சிரிச்சா காத்து போவுது. மறுபடி மொதல்லேருந்து கட்டணும்."

ஒரு மதியம் உள்ளே இருந்த பெரியவரின் குழாய் நழுவிவிட்டது. அவசரமாக மாஸ்க் மாட்டி ஊதினாய். இடது கன்னத்தில் காற்று பட்டது.

"நில்லு சிஸ்டர், காத்து வருது."

"அவரு நீலமாயிட்டாரு அக்கா. விடு."

என் கையைத் தள்ளிவிட்டுப் போனாய். பெரியவர் பிழைத்தார். அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது வார்டே கைதட்டியது. நீ மட்டும் ஜன்னலோரக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தாய். அந்தக் காற்றால்தானா, வேறு எங்காவது ஒட்டியதா, டாக்டருக்கே தெரியவில்லை.

உனக்கும் குழாய் போடவேண்டி வந்தது. மலையாளத்துச் சின்ன சிஸ்டர் தயாராகிக் கதவருகே வந்தாள். கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். பேச உனக்கு மூச்சில்லை. கையைத் தூக்கி உன் கன்னத்தோரம் வைத்தாய். பிறகு அவளைக் காட்டினாய்.

அவளை ஊதச் சொன்னேன். மறுபடியும் ஊதச் சொன்னேன். துளிக் காற்றில்லை. உன்னைப் பார்த்துத் தலையாட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு திறக்கவேயில்லை.

அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை, தெரியுமா?

இப்போதும் டி.பி. என்றும் விஷக் காய்ச்சல் என்றும் ஆட்கள் வருகிறார்கள். குழாய் போடுவது நிற்கவில்லை. "ஆயாம்மா, டைம் ஆவுது" என்று புதுப் பெண்கள் முனகுவார்கள். "ஊது" என்பேன். அவ்வளவுதான். கதவுக்கு முன்னால் நான் ஜோக் சொல்வதில்லை. எல்லாம் அவர்கள் கவசத்தைக் கழற்றி, குளித்துவிட்டு வந்த பிறகுதான்.

நீ குணமாகி எழுந்து வந்ததும் சொல்ல ஒரு ஜோக் வைத்திருந்தேன். இன்னும் என்னிடமே இருக்கிறது. வேறு யார் மூக்குக்கும் அது பொருந்தவில்லை.