ஆடுகிற டேபிள்

செவ்வாய், இரவு.

சிதம்பரத்து மெஷின் சாமான் கடைக்காரர், "சார் வரலியாம்மா?" என்றதும், "வீட்டுக்காரருக்குத்தான் வாங்குறேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் செம்மண்டலத்து வீட்டில் ட்ரில்லிங் மெஷின் வைத்து மரப் பொம்மைகளுக்குத் துளை போடுவது நான்தான். வாய் ஏன் அப்படிப் போனதோ தெரியவில்லை.

கட்டையை நேராக நகர்த்தித் துளையிட, மெஷினுக்கு அடியில் பொருத்தும் கிராஸ் ஸ்லைடு டேபிள் ஒன்று வேண்டும். விலை குறைந்ததை அசைத்துப் பார்த்தேன், ஆடியது. இன்னொன்று கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் ஆடவில்லை. அதைச் சொல்வதற்குள், "சாருக்கு ஒரு போன் போடுங்கம்மா, அவுங்களுக்குத்தான் தெரியும்" என்றார். போட்டேன். ஸ்பீக்கரில் இவர், "எனக்கு அந்த மெஷின ஆன் பண்ணக்கூடத் தெரியாதுங்க. எல்லாம் அவுங்கதான், அவுங்களையே கேளுங்க" என்றார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப நீங்களே சொல்லுங்கம்மா, எது வேணும்?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆடியதுதான் அது.

அந்த இரும்புக் கனத்தை மாடிக்குத் தூக்கிப்போய் வைத்துவிட்டு இவர், "நல்லதா பாத்துதான் எடுத்திருப்ப" என்றார். நான் "ம்" என்றேன்.

காலையில் இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, கடைக்குத் திரும்பப் போய் மாற்றித் தரக் கேட்க வேண்டும். கூட வரேன் என்பார். வேண்டாம். தனியாகத்தான் போக வேண்டும்.