ரொட்டிக்காரிக்கு ஊற்றிய மருந்து

ஜூலை 7, ஞாயிறு.

இன்றும் திலக் நகர் வீட்டில் பகடை உருட்டிக் கதையாடினோம். நண்பர்கள் ஆளுக்கொரு கற்பனை வீரனாக ஆடுவார்கள். கதை சொல்வதும் ஊர்ஜனங்களுக்குக் குரல் கொடுப்பதும் நான். இன்றைய கதையில் டிராகன் கடைவீதியை எரித்தது. வழக்கம்போல் பெயரில்லாதவர்கள் விழுந்தார்கள். அதில் ஒரு ரொட்டிக்காரி. அவளுக்காக வாயைத் திறந்தால், "ஏலே, வெறும் வயித்தோட போவாதலே" என்று வந்துவிட்டது.

இப்ராகிம் நிமிர்ந்தான். "இது நம்ம இட்லிக்கார செல்லக்கனியக்கால்லா?"

தாராவியில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகுமுன் அக்காவிடம்தான் சாப்பிடுவோம். குடிசைகளை இடித்தபின் அவள் எங்கே போனாள் என்று எங்களுக்குத் தெரியாது.

இப்ராகிமின் வீரனும் குற்றுயிராகக் கிடந்தான். இருந்த ஒரே மருந்துக் குப்பியை இப்ராகிம் ரொட்டிக்காரியின் வாயில் ஊற்றச் சொன்னான்.

சுரேஷ் கத்தினான். "பாகல் ஆயிட்டியா, பைத்தியக்காரா? அவ சும்மா கூட்டத்துல ஒருத்திடா!"

"கெடக்கட்டும்ல" என்றான் இப்ராகிம். அவன் வருடக்கணக்காக ஆடி வளர்த்த வீரன் செத்துப்போனான்.

ரொட்டிக்காரி கண் விழித்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவளை நன்றி சொல்ல வைத்திருக்கலாம்.

"இன்னொரு இட்லி வைக்கட்டுமாலே?" என்றேன்.

டிராகன் இருக்கிற ஊரில் இட்லி ஏது என்று சுரேஷ்கூடக் கேட்கவில்லை. இப்ராகிம் தட்டு நீட்டுவதுபோல் கையை நீட்டினான்.