ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்று

கிளட்ச் கருகும் நாற்றம் உனக்குப் பிடிக்காது. நேற்று, பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு ஊர்வலத்தில், கடற்கரையின் உப்புக் காற்றையும் மீறி அது என் மூக்கில் ஏறியபோது கூட்டத்தில் உன்னைத்தான் தேடினேன். நீ போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. புகைந்துகொண்டிருந்தது உன் கார்.

ஓட்டியவர் உன் மருமகன். உள்ளே மூன்று கிழவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், சட்டையில் பதக்கங்களோடு அமர்ந்திருந்தார்கள். நடக்க முடிந்த பழைய சிப்பாய்கள் கொடி பிடித்துப் போர் நினைவுச் சின்னம்வரை நடப்பதும், முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு உன் கார் அவர்களோடு ஊர்வதும் உன் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். நேற்று அது ஊரவில்லை. குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. பிறகு புகை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் காரின் பின் அச்சுப் பற்கள் நொறுங்கியபோது, பிரான்சிலிருந்து மாற்று கிடைக்காது என்று தெரிந்தது. ரெட்டியார்பாளையத்து மெக்கானிக் இரண்டு பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்துத் தரையில் போட்டார். ஒன்று சரக்கு வேனுடையது. இன்ஜினிலிருந்து வரும் தண்டு ஐந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். மற்றது ஒரு பெரிய காருடையது. நான்கு சுற்றுகூட வேண்டாம். முதலாவதில் இழுவை, இரண்டாவதில் வேகம்.

“ரெண்டும் கொஞ்சம் வெட்டி ஒட்டுனா உக்காந்துக்கும். நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று அவர் போய்விட்டார்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். வேகத்தின் பக்கம் நின்றேன்.

“மெட்ராசுக்கு மூணு மணி நேரத்துல போயிடலாம்யா.”

“போயி?”

“போயி… திரும்பி வரலாம்.”

“அதுக்கு இங்கயே இருந்துடலாமே முசியே.”

முசியே என்று, பிரெஞ்சில் ‘ஐயா’ போட்டு, நீ என்னை அழைத்தால் வாதத்தில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். பிறகுதான் உன் அப்பாவின் கட்டளையைச் சொன்னாய். சைகோன் சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்த மனிதர் அவர். “கூட்டாளிங்களுக்கு முன்னால என் வண்டி போவக் கூடாது. பின்னால நின்னு ஆரனும் அடிக்கக் கூடாது. கூட வரணும்.”

அன்று மாலை நாம் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிப்பாய்களின் நடை என்ன வேகம் என்று அளக்க, கடற்கரைச் சாலையில் நீ ஒவ்வொருவரைப் போலவும் நடந்து காட்டினாய். ஒருவரின் மடங்காத முழங்கால், இன்னொருவர் நின்று நின்று வைக்கும் சல்யூட். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் வந்தேன். சுண்டல்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: “இன்னா சார், கால் சுளுக்கா?”

“இல்லப்பா, பின் அச்சு பாத்துனு இருக்கோம்.”

அவர் சுண்டலை மூடிக்கொண்டு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வேன் அச்சோடு முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை முழுக்க விட்டுவிட்டால் கார் அந்தக் கிழவர்களின் வேகத்திலேயே தானாக நகரும். மற்ற அச்சோடு அவர்களை முந்தும். முந்தாமலிருக்க வழிநெடுகக் கிளட்சைப் பாதி மிதிக்க வேண்டும், அது கருகும். தாளை உன்னிடம் நீட்டினேன். நீ படிக்கக்கூட இல்லை. “நடந்து பாத்தாச்சே” என்றாய்.

அதற்கான விலையை மெட்ராஸ் சாலையில் கொடுத்தோம். திண்டிவனம் தாண்டும்முன் இன்ஜின் அலறும்; பால் வண்டிகூட நம்மை ஒதுங்கச் சொல்லும். “கத்தட்டும், அதுக்கும் தொண்ட இருக்குல்ல” என்பாய். ஆனால் ஜூலையில் அந்தக் கார் இன்னொரு கிழவரைப் போல நடந்தது. முன்னிருக்கையில் உன் அப்பா. கண்ணாடி இறக்கிய கதவின் மேல் கை வைத்தபடி கூடவே நடந்து வரும் அவருடைய கூட்டாளி. தமிழும் பிரெஞ்சுமாக இருவரும் நினைவுச் சின்னம்வரை பேசிக்கொண்டே போனார்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில் கூட அந்தக் கார் அவர்களைப் பிரித்ததில்லை.

நேற்று நான் உன் மருமகனிடம் குரல் உயர்த்தவில்லை. பின் அச்சு எங்கே என்று மட்டும் கேட்டேன்.

“எடைக்குப் போட்டாச்சு. அது மாட்டு வண்டி அங்கிள். கல்யாணத்துக்கு வாடகைக்கு உட்டா பார்ட்டிங்க சிரிக்கிறாங்க. வேற அச்சு மாத்துனதுல இருந்து காலாப்பட்டு ரோட்டுல பறக்குது. இவங்களுக்கு அடுத்த வருஷம் வேன் புடிச்சிக்கலாம்.”

“இவங்க” என்று அவர் காட்டிய மூவரில் ஒருவர் உன் அப்பாவின் அந்தக் கூட்டாளி. இப்போது அவராலும் தனியாக நடக்க முடிவதில்லை. இறக்கிவிடப்பட்ட பிறகும், நின்றுபோன காரின் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு, அது நகரும் என்று காத்திருந்தார். அந்தக் கையை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். மற்ற இருவரை ரிக்‌ஷாவில் ஏற்றினோம். அவர் ஏற மறுத்தார்.

“வண்டிக்கு என்னா ஆச்சு?”

“வேகமாப் போவக் கத்துக்கிச்சு முசியே.”

“எங்க போறதுக்கு?”

அவர் என் தோளைப் பிடித்தபடி வர, ஓரோர் அடியாக நடந்தோம். நினைவுச் சின்னத்துக்கு நாங்கள் சென்று சேர்ந்தபோது மலர்வளையம் வைத்து முடித்திருந்தார்கள். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

இன்று காலை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடையில் நம் அச்சைக் கண்டுபிடித்தேன். கார் உன் மகள் பெயரில் இருக்கிறது. அவளிடம் பேசுவேன், உன் மருமகன் எதிரிலேயே பேசுவேன். அதுவரை அச்சு என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும். துரு துடைத்து கிரீஸ் தடவி, கையால் சுற்றிப் பார்த்தேன். ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்று, சத்தமே இல்லை. சுற்றும்போது நேற்று அந்தக் கிழவர் பிடித்து வந்த தோள் வலிக்கிறது.

வலிக்கட்டும்.