முனைமரத்துக் குஞ்சு

ஸ்ப்ரூஸ் முனை,
சிச்சகோஃப் தீவு, அலாஸ்கா.
ஆகஸ்ட் 19, 1994

அன்புத் தம்பி லெஸ்டருக்கு,

அக்கா ஐடா ஆசியுடன் எழுதுவது. உன் இடுப்புவலி இப்போது தேவலையா? சிறை மெத்தை மெல்லிசு என்று எழுதியிருந்தாய். இங்கே உன் வெர்னாவும் குழந்தையும் சுகம். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாளாம். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதை யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட மாதிரி ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். பின்னால் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. விடுதிக்கார டேரலைக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்று மத்தியானம் மிதவை விமானத்தில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். விடுதி விருந்தாளிகள் எல்லாரும் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்க்க, கையில் விலங்கு போட்டு நடத்திப் போனார்கள். கழுகைச் சுட்டது அவன்தான், செத்த பறவையை நீ மீன் புகைபோடுகிற கொட்டகையில் கொண்டுவந்து போட்டதும் அவன்தான் என்று சாட்சியும் தடயமும் கிடைத்துவிட்டன. செவ்வாய்க்கிழமை உன்னை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார்.

இதைப் படித்ததும் நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார், தம்பி. மீதியையும் படி. அந்தச் சாட்சியின் வாக்குமூலத்தை வக்கீல் உனக்குப் படித்துக் காட்டுவார். அதில் ஒரு தேதி வரும். அதை அவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

முனையில் விடுதி கட்டின நாளிலிருந்தே அந்த மரத்தின்மேல் டேரலுக்குக் கண். கழுகுக் கூடு இருக்கிற மரத்தைச் சட்டம் தொடவிடாது. கழுகுகள் ஓடிவிட்டால் மரத்தை வெட்டிவிடலாம் என்பது அவன் எண்ணம். மரம் போனால்தான் அவனுக்குப் புதுத் துறை கட்ட இடம். இந்த வருஷமும் மே மாசக் கடைசியில் இரண்டு குஞ்சு பொரித்ததைப் பார்த்து, நீ என் டீசல் துறைக்கே வந்து சத்தம் போட்டுச் சொன்னாயே, "அக்கா, ரெண்டு! டேரல் மூஞ்சியப் பாக்கணும்!" என்று. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆண் கழுகு காணாமல் போனது. மூன்றாம் நாள் அதிகாரி விமானத்தை விட்டு இறங்கி, யாரையும் எதுவும் கேட்காமல் நேராக உன் கொட்டகைக்கு நடந்தார். வால் அறுத்த கழுகு உன் மீன்களுக்குக் கீழே கிடந்தது. நீ அவரைப் பிடித்துத் தள்ளினாய். அதனாலேயே ஜாமீனும் இல்லாமல் போயிற்று.

கழுகுக் குலத்தில் பிறந்தவன் கழுகைச் சுட்டான் என்று பேச்சு. ஊர்க்காரர்கள் படகுக்கு டீசல் போட வந்தால் என்னிடம் மட்டும் சத்தத்தைத் தாழ்த்திப் பேசுவார்கள், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. டேரல் மட்டும் சத்தமாகப் பேசினான். "உன் தம்பிக்கு அங்கே மூணு வேளை சாப்பாடு கிடைக்குதாமே, ஐடா?" என்றான். குழாயை அவன் படகில் செருகிக்கொண்டே, "ஆமா, உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை, லெஸ்டர். இவனை என்ன செய்வது, என்ன செய்வது என்று அதே யோசனை.

துறையிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் கூடு நன்றாகத் தெரியும். ஜூன் முழுக்க மழை. குஞ்சுகள் அப்போது வெறும் சாம்பல் பஞ்சு. தாய் அவற்றின்மேல் சிறகை விரித்து உட்கார்ந்தால் இரை இல்லை. இரைக்குப் போனால் குஞ்சு நனையும். அண்டங்காக்கைகள் வேறு பக்கத்துக் கிளையில் வரிசையாகக் காத்திருந்தன. போவாள், பாதி வழியில் திரும்பி வருவாள். ஒரு நாள் காலில் ஒன்றுமில்லாமல் ஐந்து முறை திரும்பினாள். பெரிய குஞ்சு பசியில் சின்னதைக் கொத்தும். அது கழுத்தை மடித்துக்கொண்டு கூட்டின் ஓரத்தில் கிடக்கும். ஜூன் இருபத்தொன்பதாம் தேதி அந்தச் சின்னது செத்துக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, ஜூலை ஒன்றாம் தேதி, விடுதிச் சமையல்காரி பெர்லிட்டா என்னிடம் வந்தாள். பிலிப்பைன்ஸிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் வருகிறாளே, அவள்தான். கையில் துண்டில் சுற்றின பொட்டலம். பிரித்தாள். வெள்ளை வால் இறகு, ஏழு. "அக்கா, சமையலறை ஜன்னல்லேருந்து என் கண்ணால பார்த்தேன். அவர்தான் சுட்டார். இதை ஹாலிபட் மீன் துண்டுக்கு அடியில உறைபெட்டியில ஒளிச்சு வச்சிருந்தார். மூணு வாரமா எனக்குச் சோறு இறங்கல. இன்னிக்கே தபால் விமானத்துல போவோம், நான் வந்து சொல்றேன்" என்று அழுதாள்.

ஜூலை ஒன்று, தம்பி. அதுதான் அந்தத் தேதி.

நான் அவளிடம், "பொறு. நான் சொல்லும்போது போகலாம்" என்றேன். பொட்டலத்தை வாங்கி என் உறைபெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று சாயங்காலம் டேரல் டீசலுக்கு வந்தான். "வால்ல ஏழு இறகு, டேரல். மீதியை யாருக்குக் கொடுத்தே?" என்று கேட்டேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மீன் வயிற்றைக் கிழித்ததும் வெளியே வருமே, அந்த நிறம். என்ன வேண்டும் என்று கேட்டான். நான் சொன்னேன்: தினமும் காலையில் நீயே, உன் கையால், ஒரு வாளி மீன் வெட்டி, மரத்தடிப் பாறைக்குச் சுமந்துபோய்ப் பரப்ப வேண்டும். ஆளை அனுப்பக் கூடாது. கையுறை கூடாது. நான் துறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "எவ்வளவு நாளைக்கு?" என்றான். "குஞ்சு பறக்கிற வரைக்கும்." "அப்புறம்?" "அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அதை அவன் வாக்கு என்று எடுத்துக்கொண்டான். அது என் குற்றமா?

மறுநாள் வழிகாட்டிப் பையனிடம் வாளியைக் கொடுத்து அனுப்பினான். நான் பையனைத் திருப்பி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் டேரலே வந்தான். சட்டையெல்லாம் மீன் குடல். முதல் இரண்டு நாள் தாய் அந்த மீனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இறங்கி ஒரு சால்மன் தலையைத் தூக்கிப் போனாள். தூக்கினவள் நன்றியா சொன்னாள்? நான்காம் நாள் அவன் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து வந்து தொப்பியையும் கொஞ்சம் மண்டைத் தோலையும் சேர்த்துப் பிடுங்கினாள். ஐந்து தையல். ஆறாம் நாள் கட்டுப்போட்ட தலையோடு வாளி தூக்கினான்.

ஜூலை நடுவில் மீன் வாசனைக்குக் கரடி வந்துவிட்டது. டேரல் வாளியை எறிந்துவிட்டுக் கடலில் கழுத்தளவு போய் நின்றான். கரடி அவசரப்படவில்லை. ஒவ்வொரு துண்டாகத் தின்று, வாளியை நக்கி, உட்கார்ந்து காதைச் சொறிந்தது. நம் தண்ணீர் எவ்வளவு குளிர் என்று உனக்குத் தெரியும். அரைமணி நேரம். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி குடித்து, வறுத்த ரொட்டி தின்றுகொண்டு பார்த்தேன். உனக்கும் சேர்த்துச் சிரித்தேன். கரடி போனதும், பல் கிட்டிக்கொண்டு கரையேறினவனிடம், "வாளி காலி, டேரல். குஞ்சு இன்னும் சாப்பிடல" என்று கத்தினேன். போய் இன்னொரு வாளி கொண்டுவந்தான்.

வயிறெரிந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். விருந்தாளிகள் அவனைப் படம் எடுத்தார்கள். தகப்பன் இல்லாத குஞ்சுக்கு இந்த மனுஷன் எவ்வளவு இரக்கப்படுகிறார் என்று ஓர் அம்மாள் என்னிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். நான் அவள் படகுக்கு டீசல் அளந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கெட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குஞ்சு வளர்ந்தது, தம்பி. பஞ்சு போய்க் கறுப்பு இறகு முளைத்தது. தாயைவிடப் பெரியதாகத் தெரிந்தது. கூட்டு விளிம்பில் நின்று காற்றில் சிறகை அடித்து, ஒரு முழம் எழும்பி, பயந்துபோய் மறுபடி உட்காரும். ஆகஸ்ட் வந்ததும் தாய் இரையைக் கூட்டுக்குக் கொண்டுவருவதைக் குறைத்தாள். எதிர்மரத்தில் மீனோடு உட்கார்ந்து, வேண்டுமானால் வா என்கிற மாதிரி காட்டிக்கொண்டே தின்றாள். போன திங்கட்கிழமை குஞ்சு குதித்தது. நேராகப் போய் ஆல்டர் புதரில் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாறைமேல் நின்ற டேரலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அது புதரிலிருந்து ஏறி, குடாவைக் கடந்து, அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

டேரல் வெறும் வாளியோடு துறைக்கு வந்து, "முடிஞ்சுது. கணக்கு தீர்ந்ததில்ல?" என்றான். "நல்லா செஞ்சே" என்றேன். புதன்கிழமை தபால் விமானத்தில் நானும் பெர்லிட்டாவும் இறகுப் பொட்டலத்தோடு ஏறினோம். நேற்று விலங்கோடு என்னைக் கடந்து போனபோது, "நீ வாக்குக் கொடுத்தியேடி!" என்று கத்தினான். "என்ன வாக்கு? எப்போ?" என்றேன். வாயில் வெல்லம் போட்ட மாதிரி இருந்தது.

இப்போது மீதி.

ஜூலை ஒன்றிலிருந்து ஆகஸ்ட் பதினேழு வரைக்கும் நாற்பத்தேழு நாள். உன் ஒவ்வொரு கடிதத்திலும், "ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?" என்று கேட்டிருந்தாய். நான், "இல்லை தம்பி, தைரியமாக இரு" என்று எழுதினேன். உறைபெட்டிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். டேரலைப் பிடித்துப் போனால் குஞ்சைக் காப்பாற்ற யாருமில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஊரில் யாரைக் கேட்டாலும் மீன் போட்டிருப்பார்கள். அவன் சுமக்க வேண்டும், அவன் கையால் போட வேண்டும், நான் அதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வெர்னாவுக்கு வலி எடுத்தது. பதினாறு மணி நேரம். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். நடுவில் என்னைப் பார்த்து, "அண்ணி, அவரை எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள். உறைபெட்டிச் சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. "கடவுளுக்குத்தான் தெரியும்" என்றேன்.

நேற்று பெர்லிட்டா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் சூப் எடுத்துக்கொண்டு போனேன். வெர்னா கதவைப் பாதி திறந்து, குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். கத்தவில்லை. "கழுகுக் குஞ்சுக்குத் தாய் மட்டும் பத்தாதுன்னு ஓர் ஆம்பளையப் பிடிச்சு வேலைக்கு வச்சீங்க. நம்ம வழக்கப்படி பிள்ளை தாயோட குலம்தானே, என் காக்கைக் குலம், உங்க கழுகுக் குலம் இல்லையே. அதுக்கு அப்பன் இல்லாட்டி உங்களுக்கென்ன, அண்ணி?" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். சூப்பைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் அப்படியே இருந்தது.

தப்பு செய்துவிட்டேன், மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் அன்றைக்கே விமானம் ஏறுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உன்னிடம் இனிமேல் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று இருக்கிறேன். கண்ணை மூடினால் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற டேரல் வருகிறான், இன்னமும் எனக்கு இனிக்கிறது. உடனே வெர்னா கேட்டது வருகிறது. இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

செவ்வாய்க்கிழமை விமானம் வரும்போது நான் துறையில்தான் இருப்பேன், வேலை இருக்கிறது. என் பக்கம் திரும்ப வேண்டாம். நேராக உன் வீட்டுக்குப் போ. வெர்னா சொல்வதெல்லாம் கேள், எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. என்னைத் திட்ட வேண்டுமானால் அடுத்த நாள் வா, அடுத்த மாசம் வா. கதவைச் சாத்தாமல்தான் வைத்திருப்பேன்.

குழந்தைக்கு நம் அப்பாவின் காது. வலது காதுமடல் கொஞ்சம் மடிந்திருக்கிறது. பிறந்த அன்று ஒரு தடவை தூக்கினேன். நல்லபடியாக வளரட்டும். அவள் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. வேண்டாம், உன் முத்தமாகவே கொடு. என் பெயரைச் சொல்லாதே.

என்றும் உன்
அக்கா ஐடா