பசை போடாத கட்டில்

நம் மகளின் நாவலூர் ஃப்ளாட்டுக்கு இன்றைக்கு ஒரு கட்டில் வந்தது. எனக்காக வாங்கியிருக்கிறாள், நான் இங்கேயே தங்கிவிட வேண்டுமாம். வந்தது கட்டிலாக இல்லை, அட்டைப் பெட்டியாக. கொண்டுவந்தவர் பலகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "கழட்டி மாட்டுற மாடல் சார், புதுசு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுசாம்! நீ இருந்திருந்தால் அந்த மனுஷனுக்கு டீ கொடுத்து உட்காரவைத்து, நம் கதை முழுவதையும் சொல்லித்தான் அனுப்பியிருப்பாய். நீ இல்லை. அதனால் உனக்கே சொல்கிறேன்.

கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலம். கதவு ஜன்னல் வேலைக்கு செங்கல்பட்டிலிருந்து வந்தவன் உன்னைக் கட்டிக்கொண்டு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் உங்கள் குப்பத்திலேயே தங்கினேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைப்பு. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தேன். நீ அசையவில்லை. அலை புரட்டிப் போட்டதில் உன் அப்பா இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். கடல் சத்தம் கேட்காத ஊரில் அவர் தாங்க மாட்டார் என்றாய். ஈர மணல் தரையில் கிடந்து அவர் முதுகெல்லாம் புண். "மொதல்ல நைனாவுக்கு ஒரு கட்டிலு பண்ணுய்யா. ஊரு கீரு எல்லாம் அப்பால பேசலாம்" என்றாய்.

பண்ணினேன். தச்சு வேலை தெரிந்த மாப்பிள்ளை என்ற திமிரோடு பண்ணினேன். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். யானை இழுத்தாலும் பிரியாது என்று உன் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். செங்கல்பட்டில் பிரியாதுதான். உங்கள் உப்புக் காற்றில், ஐப்பசி மழை பிடித்ததும் பசை கூழாகிவிட்டது. ஒருநாள் காலை மாமா கட்டிலோடு தரைக்கு இறங்கினார். நல்லவேளை, அடி படவில்லை. நீதான் பொங்கி எழுந்தாய். "இன்னாய்யா, நைனாவ சாவடிக்கப் பாத்தியா?"

"கட்டிலே நிக்காத எடத்துல மனுசன் எப்டி இருப்பான்? கெளம்பு செங்கல்பட்டுக்கு!" என்று நானும் கத்தினேன்.

நீ கிளம்பவில்லை. மாமா மறுபடி தரையில். இன்னொரு கட்டில் செய்தால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பெருமழையில் கடல் வீட்டுக்குள் வந்துவிடும். நம் வாசலோ ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. முழுக் கட்டில் வெளியே போகாது. மாமாவை மட்டும் தூக்கிப்போய் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துத் தரையில் கிடத்தினால் திரும்பவும் அதே புண். கட்டில் பிரிய வேண்டும், பிரித்த கையோடு சேரவும் வேண்டும்.

அதற்குத்தான் அந்த வேலை. காலிலும் சட்டத்திலும் ஒரே அளவில் பள்ளம் வெட்டி, தனியாகச் செதுக்கிய மர நாக்கு ஒன்றைப் பாதி இதிலும் பாதி அதிலுமாக நுழைப்பது. நழுவாமல் இருக்கக் குறுக்கே ஒரு மர ஆணி. பசையும் கிடையாது, இரும்பும் கிடையாது. மேலே பலகைகள் சும்மா கிடக்கும். சித்திரை வெயிலில் செங்கல்பட்டுப் பட்டறையில் பூவரசு மரத்தில் செய்தேன். நாக்கு ஒவ்வொன்றும் கொட்டாப்புளியால் தட்டித்தான் உள்ளே ஏறியது. வேலை என்றால் இது என்று பூரித்துப்போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

முதல் மழைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால், வரவே மாட்டேன் என்கிறது. மரம் ஊறி உப்பிவிட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நீ வாசலுக்கு வெளியே கையைக் காட்டினாய். மணலில் உன் அண்ணன் கட்டுமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க இன்னா பண்றோம்? கரைக்கு வந்ததும் கட்ட அவுத்து, தனித்தனியா காயப் போடுறோம். கட்டியே வெச்சா மரம் ஊறிப் பூடும். உன் கட்டிலுக்கு மட்டும் தண்ணி பயப்படுமா?"

எனக்குச் சுருக்கென்றது. இணைப்பைத் தளர்த்துவதா? தச்சு கற்றுக்கொடுத்த என் அப்பா பார்த்தால் காறித் துப்புவார். ஆனாலும் நாக்குகளை இழைத்தேன், மெழுகுவத்தி தேய்த்தேன், பிடிமானத்தை ஆணியிடம் விட்டுவிட்டேன். அதன்பிறகு வாராவாரம் மாமாவை வெயிலில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, நீயும் நானும் கட்டிலைப் பிரித்துக் காயவைப்போம். தலைமாட்டில் நான் கட்டில் காலைப் பிடித்துக்கொள்ள, கால்மாட்டிலிருந்து நீ சட்டத்தை இழுப்பாய். கருவாட்டுக்குப் பக்கத்தில் கட்டில் காய்வதைப் பார்த்துக் குப்பமே சிரித்தது.

அடுத்த கார்த்திகையில் கடல் வந்தது. விடிந்தும் விடியாத நேரம், வாசலில் தண்ணீர். மாமாவை உன் அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நாம் ஆணிகளைத் தட்டினோம். நாக்குகள் வெண்ணெய் மாதிரி வந்தன. எல்லாவற்றையும் தலையில் சுமந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டினோம். மாமா அதில் படுத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். "இன்னா மாப்ள, கடசில செங்கல்பட்டுக்கே இட்டாந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அன்றைக்கு உன்மேல் வந்த பிரியத்துக்கு அளவே இல்லை.

பிறகு மாமா அந்தக் கட்டிலிலேயே, புண் எதுவும் இல்லாத முதுகோடு போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் நீயே கேட்டாய்: "இப்ப போலாமாய்யா, உன் ஊருக்கு?" நான், "எதுக்கு?" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதையெல்லாம் இன்றைக்கு நம் மகளிடமும் சொன்னேன். "இந்தக் கட்டில் பிடிக்கலன்னா அதையே கழட்டிக் கொண்டாந்துடலாம்பா. இன்னொரு பக்கம் நான் புடிச்சிக்கிறேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நீ போனதிலிருந்து நான் அதைப் பிரிக்கவில்லை. ஒரு மழைக்காலம் போய்விட்டது, நாக்கெல்லாம் உப்பியிருக்கும் என்றும் தெரியும். தனி ஆளாகப் பிரிக்க முடியாது என்றும் தெரியும்.

"வேணாம்மா. அந்தப் பக்கம் அம்மா நிக்கிற எடம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக் காலை பஸ்ஸில் குப்பத்துக்குத் திரும்புகிறேன்.